லேப்டாப் சத்தம் குறைந்தது, நான் செவிடனானேன்

அந்தப் புதுப் பதிப்பை நான் கேட்கவில்லை. பல வாரங்களாகத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, ஏற்றலாமா என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. அதில் 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை. 'இப்போது', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். நானும் விடாமல் 'பிறகு' என்பதையே அழுத்திவந்தேன். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கணினியை அணைக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. என் வீட்டில், என் மேசையில், எனக்கே உத்தரவு. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்துகொண்ட விருந்தாளியைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அந்த வட்டம் சுற்றி முடிந்ததும், உங்கள் பொருட்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன என்று ஒரு வரி வந்தது. எதுவும் வைத்த இடத்தில் இல்லை. அதுகூடப் போகட்டும். சத்தம் போய்விட்டிருந்தது.

எனக்கு லேப்டாப் வேண்டியிருப்பது பாட்டுக்காகத்தான். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பல வருடங்களாக டெனார், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் குழுத் தலைவர் ஒவ்வொரு குரலுக்கான பகுதியையும் தனித்தனியாகப் பாடி, பதிவுசெய்து, எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுவார். அதை லேப்டாப்பில் ஏற்றி ஓடவிட்டு, கையில் பாட்டுப் புத்தகத்தோடு கூடவே பாடிப் பழகுவது என் வழக்கம். அன்றைக்கு அப்படி ஓடவிட்டபோது, பக்கத்து குவாட்டர்ஸில் யாரோ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். நூறுக்குப் போய்விட்டது. கதவு திறக்கவில்லை.

மகனைக் கூப்பிட்டேன். அவன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அங்கிருந்தே என் திரையை அவன் திரையில் திறந்து, அங்கே இங்கே அழுத்திப் பார்த்தான்.

"எல்லாம் நூத்துலதாம்பா இருக்கு. சிஸ்டம் ஃபைன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவன் என் திரையை மூடினான். பிறகு, நோயாளியிடம் பேசுகிற குரலில், "அப்பா, நீங்க எத்தன வருஷமா கன்வேயர் பக்கத்துலயே இருக்கீங்க?" என்றான்.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகும் பெல்ட்டுகளை மோட்டார்கள் இழுக்கிற இடத்தில் எனக்கு வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்குக் கைதான் மொழி. காதுக்கு மாட்டிக்கொள்ள அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டுதான் நிற்போம். ஆனாலும் எங்கள் பகுதி ஆட்கள் எல்லோருமே வீட்டில் ஒரு பிடி சத்தமாகத்தான் பேசுவோம். அதனால் மகன் சொன்னதற்குச் சாட்சியே தேவைப்படவில்லை.

போனில் எனக்கு நன்றாகக் கேட்கிறதே என்றேன். காதிலேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் கேட்கும் என்றான். டி.வி. கேட்கிறதே என்றேன். "டி.வி.ய நீங்க எப்பவுமே அலற விடுவீங்கப்பா. ரெண்டு பிளாக் தாண்டிக் கேக்கும்" என்றான். எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தான். அந்தப் பதில்களைவிட அவன் குரலில் இருந்த கனிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாயில் போட்ட மிட்டாய் கரையாமல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் முதல் என் மனைவி கத்திப் பேச ஆரம்பித்தாள். அவள் பண்ருட்டிப் பக்கத்துக்காரி. சாதாரணமாகவே தணிந்து பேசுகிற ஆள் இல்லை. இப்போது சமையலறையிலிருந்து, "என்னாங்க, சாப்புட வரீங்களா இல்லியா" என்று அவள் கேட்டால், பின்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "வர்றேன்னு சொல்லிட்டாருமா" என்றார். அவருக்கு அது வேடிக்கை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எனக்காக ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் முடிவில் போதகர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், வேலைக்குக் காத்திருக்கிறவர்கள், பிள்ளை வரம் கேட்கிறவர்கள். கடைசியில், "நம் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு சகோதரனுடைய செவிகளுக்காகவும் ஜெபிப்போம்" என்றார். பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கண்ணை மூட வேண்டிய நேரத்தில் சபையில் பாதிப் பேர் கண்ணைத் திறந்து என் காதைத்தான் பார்த்தார்கள். இரண்டு காதும் சூடேறிப்போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாரக் கேட்டு சொன்ன?"

"ஜெபத்துக்குத்தான சொன்னேன். ஊர்ல தண்டோராவா போட்டுகினு வந்தேன்?"

"தண்டோரா போட்டிருந்தா இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்காது."

"நல்லதுக்குச் சொன்னாலும் உங்களுக்குக் கோவம்தான் வருது" என்று அவள் கத்தினாள். கோபத்தில் கத்தினாளா, எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினாளா என்பதைக்கூட என்னால் பிரித்தறிய முடியவில்லை.

நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சத்தமே இல்லாத கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் என் ஷிஃப்ட் கூட்டாளி கையைக் குவித்து, டீ குடிக்கிறாயா என்று சைகையால் கேட்டான். நானும் பதிலைச் சைகையில் சொன்னேன். யாராவது எதையாவது சொன்னால், தெளிவாகக் கேட்ட பிறகும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் போகலாமா என்று யோசித்தேன். போனால் ஏதாவது எழுதிவைப்பார்கள், எழுதினால் வேறு வேலைக்கு மாற்றுவார்கள் என்று தள்ளிப்போட்டேன். கைக்கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோய், பிறகு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய், எது வரைக்கும் கேட்கிறது என்று பார்த்தேன். அதைச் செய்துகொண்டிருக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். அந்தப் பேசாமைக்கு அவள் கத்தலே மேல்.

ஒரு சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்பாகவும் சொன்னார். வேலையிலும் எனக்கு மேலே இருப்பவர். பேச்சில் எப்போதும் மரியாதை குறையாது.

"பிரதர், இந்த வருஷம் நீங்க பின் வரிசைல நின்னுக்குங்க. சிரமப்பட்டுப் பாட வேணாம். வாய மட்டும் அசைங்க, போதும்."

"எனக்குப் பாட்டு தெரியும் சார்."

"தெரியும் பிரதர். ஆனா பக்கத்துல இருக்கறவங்க குரல் உங்களுக்குக் கேக்கணுமில்ல? ஒரு ஆளு சுருதி இறங்கினா எல்லாரையும் இழுத்துடும்."

நான் பின்னால் போய் நின்றேன். பாடினார்கள். பக்கத்துக் குரல் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் ஒரு அம்மா மூச்சு வாங்கும் இடம் வரைக்கும் கேட்டது. ஆனாலும் சொன்னபடியே வாயை அசைத்துக்கொண்டு நின்றேன். சந்தையில் தட்டில் போட்ட மீன் அப்படித்தான் வாயைத் திறந்து மூடும். சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினால் நாக்கு வறண்டு, அடித்தொண்டையில் ஒரு கசப்பு ஊறுகிறது. பயிற்சி முடிந்து வெளியே வந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினேன்.

மறு வாரம் மகனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே காது மெஷின். ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். மனித சதை நிறம் என்று எவனோ முடிவு செய்த ஒரு வெளிறிய நிறத்தில், நத்தை போலச் சுருண்டிருந்தது. நுனியில் காதுக்குள் போவதற்கு ஒரு ரப்பர் மொட்டு. தொட்டால் மெத்தென்று இருந்தது. எனக்கு அதை எடுக்கவே மனமில்லை. மனைவி விடவில்லை.

"புள்ள ஆசையா வாங்கி அனுப்பிகிறான். ஒரு தடவ போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டேன். அடுத்த நொடி மின்விசிறி ஹெலிகாப்டர் ஆனது. வெளியே ஒரு காக்கை என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து கத்தியது. மனைவி கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்தது எனக்கு இடி. தட்டில் இருந்த முறுக்கைக் கடித்தேன். என் பல் அரைக்கிற சத்தம், எச்சில் கூடுகிற சத்தம், விழுங்குகிற சத்தம் எல்லாம் கேட்டன. ஐம்பது வயதைத் தாண்டி இத்தனை நாளும் என் வாய்க்குள் இப்படியொரு சேறு மிதிபட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பாதி முறுக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

அதைக் காதில் வைத்துக்கொண்டே போய் லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டேன். குளியலறைப் பாடகர் கதவருகே வந்திருந்தார், அவ்வளவுதான். மனைவி உள்ளே தேங்காய் துருவுவது காதைக் கிழிக்கிறது. முகத்துக்கு நேரே மேசையில் இருக்கிற லேப்டாப் முணுமுணுக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது உனக்கு எப்படிக் கேக்குது?"

குனிந்து கேட்டாள். "சின்னதாத்தான் கேக்குது."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளாவே இப்புடித்தான கேட்டுகினு இருக்கீங்க. எனக்குத் தொந்தரவா இருக்கும்னு நீங்களே கொறச்சி வெச்சிகினு கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

ஊரைக் கூட்டி என் காதுக்காக ஜெபித்தவள், தன் காதுக்கும் அது குறைவாகத்தான் கேட்டது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டால், "நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். அது உண்மைதான். யாருமே அவளைக் கேட்கவில்லை.

மெஷினைக் கழற்றினேன். ரப்பர் மொட்டில் என் காதின் அழுக்கு மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதில் ஒரு முடியும் இருந்தது. துடைத்துப் பெட்டியில் போட்டு, திருப்பி அனுப்பச் சொல்லி மகனுக்குத் தகவல் அனுப்பினேன்.

பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மெயின் பஜாரில் பழுது பார்க்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் சொன்னதைப் பாதி கேட்டார். மீதியைக் கேட்காமலே திருப்புளியை எடுத்து அடிமூடியைத் திறந்தார். திறந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உள்ளே பழுப்புத் தூசு கேக் மாதிரி படிந்திருந்தது. சின்ன விசிறியில் முடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் கரப்பான் பூச்சியின் காய்ந்த இறக்கைகள். அதன் முட்டைக்கூடு, வறுத்த மொச்சை போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மேசையில்தான் நான் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன்.

"பாத்தீங்களா சார், நெய்வேலித் தூசு. ஸ்பீக்கரை அடச்சிகிச்சு. மாத்தணும்."

நம்பினேன். கண் முன்னால் அத்தனை அழுக்கைப் பார்த்த பிறகு யாராக இருந்தாலும் நம்புவார்கள். முதலில் என் காதைக் கன்வேயர் தின்றது என்றார்கள், இப்போது லேப்டாப்பின் தொண்டையைத் தூசு அடைத்தது என்கிறார்கள். இந்த ஊரில் எதற்கும் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

புது ஸ்பீக்கர் போட்டார். கடையில் ஓடவிட்டபோது பஜார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மகிழ்ச்சியாக எடுத்து வந்தேன். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து ஓடவிட்டால், சத்தம் இருந்தது, பாட்டு இல்லை. சளி பிடித்த ஆடு கத்துவது போலக் கிழிந்து கிழிந்து வந்தது. பாடுவது டெனாரா, தடித்த கீழ்க்குரலான பேஸா என்றே தெரியவில்லை. திரையின் கீழே பார்த்தேன். புதிதாக ஒரு நிரல் உட்கார்ந்திருந்தது. சத்தத்தை வலுக்கட்டாயமாக ஊதிப் பெரிதாக்குகிற நிரல். அதை நிறுத்தினேன். பழையபடி குளியலறை. இயர்போனைச் செருகிக் கேட்டேன். அதிலும் குளியலறைதான். இயர்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?

மறுபடியும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையோ மென்றுகொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"புது வெர்ஷன் ஏத்துனா அப்படித்தான் சார் ஆவும். எல்லாருக்கும் வருது."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு ஸ்பீக்கர மாத்துனீங்க?"

"தூசு இருந்துச்சில்ல சார்."

அந்தப் பதிலில் ஒரு குறையும் இல்லை என்பது போல அவர் முகம் இருந்தது. சண்டை போடலாம் என்றுதான் போனேன். அந்த மெல்லுகிற தாடையைப் பார்த்ததும், இவரோடு இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அதுவும் என் மேலேயே ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

ஆனால் 'எல்லாருக்கும் வருது' என்று அவர் சொன்னது மட்டும் பிரயோஜனமாக இருந்தது. வார விடுமுறை நாளில் காலையிலேயே உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். உலகம் முழுக்க ஆட்கள் இதையே சொல்லிப் புலம்பியிருந்தார்கள். புதுப் பதிப்பு ஏற்றினேன், சத்தம் பாதியாகிவிட்டது என்று. கீழே பதில் சொன்னவர்களில் பலர், அணைத்துப் போடுங்கள், புதிது வாங்குங்கள் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் காதைப் பரிசோதியுங்கள் என்று ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். ஒருவர் மட்டும் பொறுமையாக விளக்கியிருந்தார். லேப்டாப்பைச் செய்த நிறுவனம் அதன் ஸ்பீக்கருக்கு ஏற்ற மாதிரி டிரைவர் என்று ஒரு சின்ன நிரலைப் போட்டு அனுப்பியிருக்கும். புதுப் பதிப்பு வரும்போது சில சமயம் அதைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைப் போட்டுவிடும். பொதுவானது வேலை செய்யும், ஆனால் முழுதாகச் செய்யாது.

மனைவி என் போனைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் செய்தேன். முதலில் கடைக்காரர் போட்டிருந்த அந்த ஊதும் நிரலை நீக்கினேன். பிறகு ஒலிக்கான பொது டிரைவரை நீக்கினேன். என் லேப்டாப்பின் மாடலுக்கு உரியதை அதைச் செய்தவர்களின் பக்கத்திலிருந்து இறக்கி, ஏற்றி, அணைத்துப் போட்டேன். திரும்பி வந்ததும் ஒலி அமைப்புகளில் இதுவரை இல்லாத ஒரு பகுதி முளைத்திருந்தது. அதில், தணிந்த சத்தத்தையும் உயர்ந்த சத்தத்தையும் சமப்படுத்தலாமா என்று ஒரு கட்டம்.

"அதுல டிக் போடணுமாங்க" என்றாள் மனைவி. போட்டேன்.

பாட்டை ஓடவிட்டதும் அவள் ஒரு அடி பின்னால் போனாள். குழுத் தலைவரின் குரல் அறை முழுக்க நின்றது. வரி தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பது, நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமியது, அவர் வீட்டு மிக்ஸி பின்னால் ஓடுவது, எல்லாம் கேட்டது. நான் கூடவே டெனாரை முழுதாகப் பாடினேன். மனைவி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அந்த ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது.

பிறகு மகனுக்குப் போன் செய்தேன்.

"ஓ, டிரைவர் இஷ்யூவா" என்றான். "அத ஃபர்ஸ்ட்டே செக் பண்ணியிருக்கணும்பா."

யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் அப்படிப் பேச வசதி இருக்கிறது. நான் போனை வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனைவி ஜெபக் கூட்டத்தில் போய், அவருக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது என்று நன்றி சொல்லியிருக்கிறாள். அவள் மனதில் அது லேப்டாப்பைப் பற்றிய பேச்சுதான். கேட்டவர்கள் மனதில் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னை முன்னால் அழைத்து, கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி கேட்டார்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேப்டாப்பில் புதுப் பதிப்பு ஏறியதில் ஒரு நிரல் மாறிவிட்டது, பழையதைப் போட்டதும் சரியாகிவிட்டது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. போதகர் மைக்கை வாங்கி, "தேவன் எந்த வழியாகவும் கிரியை செய்கிறவர். லேப்டாப் வழியாகவும் செய்வார்" என்றார். சபை ஆமென் என்றது. நான் இறங்கி வந்தேன். குழுத் தலைவர் என் கையைக் குலுக்கி, "முன் வரிசைக்கு வந்துடுங்க பிரதர்" என்றார். வேறெதையும் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம், இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். எங்கள் சபை ஆட்கள் இல்லை. நெற்றியில் திருநீறு இருந்தது. அந்த அம்மாதான் பேசினார்.

"எங்க வூட்டுக்காரருங்க. போர் போடற லாரியில வேலை செஞ்சிகினு இருந்தாரு. காது சுத்தமா கேக்கறதில்லீங்க. ஜெபத்துல உங்களுக்குக் காது வந்துச்சின்னு சொன்னாங்க."

அவர் என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். மனைவியின் வாயைப் பார்ப்பதும் என் காதைப் பார்ப்பதுமாக நின்றார். எனக்குக் கோபம் வந்தது. போதகர் மேல், என் மனைவி மேல், மகன் மேல், அந்த நீலத் திரை மேல், எதன் மேல் என்று தெரியவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். லேப்டாப் என்பதை முடிந்த அளவு விளக்கினேன்.

"அப்ப ஜெபத்துல ஆவலீங்களா?"

"இல்லீங்க. என் காதுக்கு ஒண்ணுமே ஆகலை. முன்னயும் நல்லாத்தான் இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனீங்களா?"

"கடலூர் போனோங்க. மிஷினு குடுத்தாங்க. போட்டா தல வலிக்குதுன்னு கெடாசிட்டாரு."

அவர் மனைவியின் தோளைத் தட்டி, "என்னா சொல்றாரு?" என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தித்தான் கேட்டார். பின்வீட்டு ஜன்னல் திறந்தது.

அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கணவனின் காதருகே வாயைக் கொண்டுபோய், "ஜெபம் பண்ணிகினே இருந்தா வந்துடுமாம்" என்று கத்தினார்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து என்னைக் கும்பிட்டார். நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். யாரிடம் சொல்வது? அவருக்குக் கேட்காது. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். திரும்பக் கும்பிட்டேன். என் மனைவி இருவருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் முன் வரிசையில் நின்று பாடினேன். நன்றாக இருந்தது என்றார்கள். வெளியே வரும்போது பல பேர் கையைக் குலுக்கி, காது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். முதல் இரண்டு பேருக்கு லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்தவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களிடம், நல்லா இருக்குங்க என்று மட்டும் சொன்னேன்.